தம்பி வாங்கிவந்த மெடல்

அந்த ஜன்னல் பக்கமே உட்கார்ந்துகொள், அம்மா. அது என் மகளுக்காக எடுத்த சீட்டு. அவள் வரமாட்டாள். சும்மா காலியாகப் போவதற்கு நீ உட்கார்ந்தால் எனக்கும் பேச்சுத்துணை. பையை மேலே வைக்காதே, காலடியில் வைத்துக்கொள். இந்தச் சுவா நகரத்தைத் தாண்டினால் சாலை வளைந்து வளைந்து போகும். போன தடவை ஒருத்தர் தலையில் அன்னாசிப்பழக் கூடை விழுந்தது.

நீ நம் கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் குருக்களின் வீட்டுக்காரிதானே? பஸ் நிலையத்திலேயே பார்த்துவிட்டேன். இந்த ஃபிஜியில் பஸ்ஸுக்குக் கூடத் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு வேறு யார் வருவார்கள். விசா காரியமாக வந்தாயா? அலைய விட்டிருப்பார்கள். நீ என் பேத்தி மாதிரி இருக்கிறாய், நீ என்றே சொல்கிறேன், கோபமில்லையே.

என் தமிழைக் கேட்டுச் சிரிக்காதே. எங்கள் தாத்தா பாட்டி கரும்பு வெட்டக் கப்பலில் வந்தவர்கள். நான் தமிழர் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தேன், அந்தத் தமிழ்தான். புத்தகம் வாசிக்கிற மாதிரி பேசுகிறேன் என்பார்கள். வீட்டில் எல்லாருக்கும் இந்திதான். என்னோடு தமிழ் பேசுவது புஷ்பா ஒருத்திதான். அவள்தான் என் மகள், இந்த சீட்டுக்காரி. புஷ்பவதி என்று பேர்.

அவளைப் பற்றித்தான் மனசு ஆறவில்லை. நான் யார் மேலும் குறை சொல்கிறவள் இல்லை. காலையில் எழுந்தால் அம்மன் படத்துக்கு விளக்கேற்றி, யாரும் என்னால் நோகக் கூடாது தாயே என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பேன். அப்படிப்பட்ட எனக்கு இன்று நாலு பேர் முன்னால் என்ன நடந்தது என்று நீயே கேள்.

இந்த நாட்டில் நல்ல காரியம் செய்தவர்களுக்கு ஜனாதிபதி கையால் மெடல் கொடுப்பார்கள். அதில் பல படி இருக்கிறது. பெரிய மனிதர்களுக்குக் கழுத்தில் தொங்குகிற மாதிரி பெரியது. நம்மைப் போன்றவர்களுக்கு நெஞ்சில் குத்துகிற சின்னது. சின்னதாக இருந்தாலும் அரசாங்கத்து மெடல், பேருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் யார் பேரையும் எழுதிப் போடலாம், ஊரில் நாலு பேர் ஆமாம் என்று சொல்ல வேண்டும், அப்புறம் சுவாவில் ஒரு கமிட்டி உட்கார்ந்து பார்க்கும்.

என் மகன் சதாசிவனுக்கு அது வர வேண்டும் என்று எத்தனை வருஷமாக வேண்டிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா. சதாவை உனக்குத் தெரிந்திருக்கும். கோயில் கமிட்டித் தலைவர், லாரி வைத்திருக்கிறான், உன் வீட்டுக்காரரை ஊரிலிருந்து வரவழைத்ததே அவன்தான். அவன் செய்யாத நல்லதா? திருவிழாவுக்குப் பந்தல் போடுவது யார்? பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி யார் பேரில் இருக்கிறது? மூன்று தடவை அவன் பேரைப் போட்டார்கள். மெடல் குத்துவதற்கென்றே ஒரு கோட்டுத் தைத்து வைத்திருந்தான், பாவம். ஒவ்வொரு வருஷமும் ரேடியோவில் பேர் வாசிக்கும்போது நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து கேட்போம். வராது. கோட்டை மறுபடியும் அலமாரியில் மாட்டுவான்.

இந்த வருஷம் பேர் வாசிப்பதற்கு முன்னாலேயே ஒரு நாள் போன் வந்தது. புஷ்பா சந்தைக்குப் போயிருந்தாள். நான்தான் எடுத்தேன். சுவாவிலிருந்து ஒரு பிள்ளை, நல்ல மரியாதையான பிள்ளை, இந்தியில் பேசினான். உங்கள் வீட்டுக்கு மெடல் வருகிறது, ஏற்றுக்கொள்வீர்களா என்று முன்கூட்டியே கேட்கிறோம் என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என் மகன் லாரி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், வந்ததும் பேசச் சொல்கிறேன் தம்பி" என்றேன். அவன், "மகன் இல்லை அம்மா, மகள். சிஸ்டர் புஷ்பவதி" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புஷ்பாவுக்கு எதற்கு மெடல்?

அவள் நர்ஸ். இப்போது ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறாள். முதலில் டவுன் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள், அப்புறம் அவளே கேட்டு மலைக்குப் போய்விட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பூர்வகுடி மக்கள் இருக்கிற கிராமங்கள். அங்கேயே தலை நரைத்துவிட்டது. குதிரையில் போனாளாம், மூங்கில் தெப்பத்தில் போனாளாம், புயலில் கூரை பறந்தபோது மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பிரசவம் பார்த்தாளாம். நானா பார்த்தேன், சொல்கிறார்கள். அந்த மலைக்காரர்கள்தான் அவள் பேரைப் போட்டிருக்கிறார்கள். அது அவள் உத்தியோகம் அம்மா. சமைக்கிறவள் சமைத்தால் மெடலா? நான் ஆறு பெற்று நாலைப் பறிகொடுத்தேன், எனக்கு யார் மெடல் கொடுத்தார்கள்?

நான் அந்தப் பிள்ளையிடம் பொறுமையாகச் சொன்னேன். "தம்பி, ஒரே வீடு, ஒரே அப்பா பேர்தான். மகன் பேருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்." அப்படி மாற்ற முடியாது என்றான். என்ன முடியாது? உனக்குத் தெரியாததா, நீ கோயில் வீட்டுப் பெண். கோயிலில் பரிவட்டம் கட்டுகிறோமே, யார் தலையில் கட்டுகிறோம்? வீட்டு ஆண்பிள்ளை தலையில்தானே. போன கும்பாபிஷேகத்துக்கு அம்மனுக்கு வெள்ளிக் கவசம் புஷ்பாதான் செய்துகொடுத்தாள். ரிட்டயர் ஆனபோது வந்ததை அப்படியே கொடுத்தாள். பரிவட்டம் சதாவுக்குத்தான் கட்டினார்கள். யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? புஷ்பாவே பக்கத்தில் நின்று கும்பிட்டாள். மரியாதை வீட்டுக்கு வருவது. வீடு என்றால் ஆண்பிள்ளை. இதைச் சுவாவில் இருக்கிறவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

கடைசியில் நானே கேட்டேன். வாங்க வேண்டியவருக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள்? குடும்பத்தில் ஒருத்தர் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றான். அப்படியானால் சரி தம்பி, என் மகளுக்கு உடம்பு சரியில்லை, நிற்கவே முடியாது, மகன் வருவான் என்று சொல்லிவிட்டேன். ஐயோ, சிஸ்டர் சீக்கிரம் குணமாகட்டும், நாங்களும் ஜெபம் செய்கிறோம் என்றான். நல்ல பிள்ளை.

அப்படிப் பார்க்காதே அம்மா. பொய் ஒன்றும் இல்லை. அவளுக்கு முழங்கால் வலி இருக்கிறது. மலை ஏறி ஏறி வந்த வலி. முழங்கால் வலியும் வியாதிதானே.

அன்று மத்தியானம் புஷ்பா எனக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, காலில் கீறல் படக் கூடாது, அதனால் அவள்தான் வெந்நீரில் கால் ஊறவைத்து வெட்டுவாள். கீழே உட்கார்ந்து என் காலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் மெதுவாகச் சொன்னேன்.

"புஷ்பா, சுவாவிலேருந்து போன் வந்துச்சு. உன் பேர்ல மெடல் சொல்லியிருக்காங்க."

அவள் தலை தூக்கினாள். "எனக்கா?"

"உன் பேர்ல. சதா போய் வாங்கிட்டு வரட்டும்."

கையில் நகவெட்டி அப்படியே நின்றது. என் காலை விடவில்லை. இந்த வயதில் அவள் முகம் சிவந்து நான் பார்த்ததில்லை, அன்று சிவந்தது. "யாரும்மா என் பேரக் குடுத்தாங்க?" என்று கேட்டாள். மலைக்காரங்கதான் என்றேன். "இசிகேலி கிழவனா இருக்கும்" என்று சொல்லித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அப்புறம்தான் நான் சொன்னதன் மற்ற பாதி அவள் காதுக்குப் போய்ச் சேர்ந்தது போல.

"ஏம்மா சதா போகணும்? நான் வந்து நின்னா ஆகாதா?"

"உனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டேனே."

"எனக்கு என்ன?"

"முழங்கால்."

அவள் மிச்சமிருந்த விரல் நகங்களையும் வெட்டினாள். சுண்டுவிரலில் நகம் உள்ளே வளைந்திருக்கும், அதையும் நோகாமல் எடுத்தாள். நகத் துண்டுகளைக் காகிதத்தில் பொறுக்கி மடித்தாள். பிறகுதான், "அவன் இருபது வருஷம் கழிச்சுக்கூட வாங்கிக்கலாம்மா. எனக்கு இது ஒண்ணுதான்" என்றாள்.

எனக்குக் கோபமே வராது. அன்றும் வரவில்லை. "புஷ்பா, நீ தனிக்கட்டை. மெடலை எங்க மாட்டுவ? யாரு பாக்கப்போறா? அவனுக்குப் பொண்ணு இருக்கு, நாளைக்கு எங்கப்பா மெடல்னு சொல்லும். தம்பிய இடுப்புல தூக்கி வளத்தவ நீதானே. இந்த ஒண்ணையும் தூக்கி அவன் கையில குடுத்துடு" என்றேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெந்நீர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். மறுக்கவில்லை என்றால் சம்மதம் என்றுதானே அர்த்தம்.

தனிக்கட்டை என்றேன் பார், அதற்கும் ஊர் என்னைத்தான் சொல்லும். அவளுக்கு இரண்டு இடம் வந்தது. சதா அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அவன் படிப்பு முடியட்டும், வீட்டில் ஒரு சம்பளம் வேண்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். அப்புறம் யாரும் வரவில்லை. அம்மன் சித்தம், நாம் என்ன செய்ய முடியும்.

சதா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை தெரியுமா. "வேணாம் அம்மா, ஆளுங்க சிரிப்பாங்க" என்றான். ரொம்ப நல்ல மனசு. ரேடியோவில் அவள் பேர்தான் வந்தது, ஆனால் கோயில் வாசலில் நான் சொல்லித் துணியில் எழுதி மாட்டினார்கள்: கோயில் தலைவர் சதாசிவன் அவர்கள் குடும்பத்துக்கு நாட்டின் மெடல், வாழ்த்துக்கள். கீழே சதாவின் போட்டோ. அதைப் பார்த்து எல்லாரும் அவனுக்குக் கை கொடுக்க ஆரம்பித்தார்கள். கை கொடுக்கக் கொடுக்க அவனுக்கும் சரி என்று பட்டுவிட்டது. கோட்டை வெளியே எடுத்து வெயிலில் போட்டான்.

இன்று காலையில் எல்லாருமாகக் காரில் வந்தோம். சதா, மருமகள் ரோஷ்னி, பேத்தி, நான், புஷ்பா. புஷ்பா எதற்கு என்கிறாயா? ஜனாதிபதி மாளிகைக்குள் வாங்குகிறவரோடு இரண்டு பேருக்குத்தான் இடம். நானும் ரோஷ்னியும். குழந்தையை உள்ளே விடமாட்டார்கள், யாராவது வெளியே வைத்துக்கொள்ள வேண்டுமே. புஷ்பாவிடம் குழந்தை அழாது. நல்ல புடவை ஒன்று கட்டிக்கொண்டு வந்திருந்தாள், மாம்பழக் கலர், எப்போது வாங்கினாளோ. "குழந்தை வாந்தி எடுத்தா வீணாயிடுமே புஷ்பா, பழசக் கட்டக்கூடாதா" என்றேன். பரவாயில்லை அம்மா என்றாள்.

உள்ளே எவ்வளவு அழகு. பச்சைப் புல், வெள்ளைக் கட்டிடம், பாண்டு வாத்தியம். பேர் கூப்பிட்டு அவரவர் செய்ததை வாசித்தார்கள். புஷ்பாவைப் பற்றித்தான் நீளமாக வாசித்தார்கள், எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு தெரியாது, சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது சதா எழுந்து போனான். கோட்டில் ராஜா மாதிரி இருந்தான். ஆனால் அம்மா, மற்றவர்களுக்கு நெஞ்சில் குத்தின ஜனாதிபதி இவனுக்குக் குத்தவில்லை. பெட்டியோடு கையில் கொடுத்துவிட்டார். ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அப்புறம் கேட்டேன். "உன் அக்காவுக்கு இந்த நாட்டோட நன்றியச் சொல்லு, சீக்கிரம் எழுந்து நடக்கட்டும்னார்" என்று சொல்லிவிட்டு சதா புல்லைப் பார்த்தான்.

என் பிள்ளைக்கு அந்தக் குறை எதற்கு என்று நானே புல்தரையில் நிற்கவைத்துக் குத்தினேன். பெட்டியைத் திறந்தால், மெடல் சரிதான், ஆனால் ரிப்பனைப் பூ மாதிரி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கு அப்படித்தானாம், புடவையில் குத்திக்கொள்ள. ஆண்களுக்கு நேராகத் தொங்கும். சதா நெஞ்சில் வைத்தால் ரோஷ்னி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "ஸ்கூலுக்குப் போற பொண்ணு சடை மாதிரி இருக்கு, அத்தை" என்கிறாள். சதாவுக்கு முகம் செத்துவிட்டது. நான் கொண்டை ஊசியை எடுத்து அந்த முடிச்சைத் தையல் தையலாகப் பிரித்தேன். நல்ல கெட்டித் தையல். ரிப்பன் ஓரத்தில் கொஞ்சம் நூல் பிரிந்துவிட்டது, போட்டோவில் தெரியாது. நேராக்கிக் குத்தின பிறகு அசல் ஆண்பிள்ளை மெடல்.

அப்படிச் சந்தோஷமாக வெளியே வந்தோம். வந்தால் வாசலுக்கு எதிரே மரத்தடியில் ஒரே கூட்டம்.

மலைக்காரர்கள். ஒரு லாரி நிறைய வந்திருக்கிறார்கள். கிழவர்கள், பெண்கள், கைக்குழந்தைகள், எல்லாரும் சர்ச்சுக்குப் போகிற உடுப்பில். நம் நர்ஸுக்கு மெடல் கொடுக்கிறார்கள், அவளுக்கு உடம்பு முடியாதாம், நாமாவது போய் அந்த மெடலைப் பார்ப்போம் என்று விடியும் முன்னே கிளம்பி வந்திருக்கிறார்கள். வந்து பார்த்தால், படுக்கையில் கிடக்கிறவள் வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் வெளியே வந்தபோது ஓரமாகப் புல்லில் பாய் விரித்து அவளை நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். மரக் கிண்ணத்தில் நங்கோனா கரைத்திருந்தார்கள். அது ஒரு வேரை இடித்துக் கரைக்கிற தண்ணீர், சேறு மாதிரி இருக்கும், பெரிய மனிதர்களுக்கு முதலில் கொடுப்பது அவர்கள் வழக்கம். கொட்டாங்கச்சியில் அவளுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். அவள் இரண்டு கையாலும் வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். எல்லாரும் உள்ளங்கையைக் குழித்து மெதுவாக, ஒரே தாளமாகக் கை தட்டினார்கள். என் மகள், மாம்பழப் புடவையில், ரோட்டு ஓரத்தில், சம்மணம் போட்டுக்கொண்டு. உள்ளே மெடல் வாங்கின அத்தனை பேரும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். எனக்கு எப்படி இருக்கும் சொல்.

அந்த இசிகேலி கிழவன் எழுந்து வந்தான். தலைவனாம். சதாவின் நெஞ்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கோபப்படவில்லை. உடைந்த இந்தியில் ரொம்பப் பணிவாகத்தான் கேட்டான். "அம்மா, அத நாசி மேல ஒரு தடவ குத்திக் காட்டுங்க. பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடறோம். ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்கோம்." நர்ஸை அவர்கள் மொழியில் நாசி என்பார்கள்.

சதாவின் கை தானாக ஊக்குக்குப் போய்விட்டது. அவனுக்கு இளகின மனசு, சொன்னேனே. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாகத்தான் பிடித்தேன். "ஒருத்தருக்குக் குத்தினதக் கழட்டக் கூடாதுப்பா. அபசகுனம்" என்றேன்.

புஷ்பா எழுந்து வந்தாள். எழுந்திருக்க ஒரு பெண் அவளுக்குத் தோள் கொடுத்தாள். வந்து என் முன்னால் நின்று, உள்ளங்கையை நீட்டினாள், பிரசாதம் வாங்குகிற மாதிரி. "குத்த வேணாம்மா. கையில குடுங்க. ஒரு நிமிஷம் பாத்துட்டுத் தரேன்."

"அம்மன் காலடியில வெச்சு எடுக்காம கை மாத்தக் கூடாது புஷ்பா. நீ தெருவுல உக்காந்து எழுந்து வந்திருக்க, வாயில நங்கோனா. கோயிலுக்கு வந்து பாரு. எல்லாரும் பாக்கற மாதிரி நீயும் பாரு."

இதில் என்ன தப்பு? நீயே சொல், ஆசாரம் என்று ஒன்று இல்லையா?

அவள் நீட்டின கையை உடனே மடக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள், பிறகு அந்தக் கையாலேயே சதாவின் கோட்டில் ஒட்டியிருந்த பிரிந்த நூலை எடுத்துக் கீழே போட்டாள். மெடலைத் தொடவில்லை. சதா அழுதுவிடுவான் போல இருந்தான். அவள் அந்த மக்கள் பக்கம் திரும்பி அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அம்மா, எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா, சாவு வீட்டில் பார்க்கிற மாதிரி. கிழவன் என் முன்னால் தலை குனிந்துவிட்டுப் போனான். வாசலில் நின்ற போலீஸ்காரன் நம் பிள்ளை, அவர்கள் பாஷை தெரிந்தவன். என்னப்பா சொன்னாள் என்று கேட்டேன். அவன் முதலில் சொல்ல மாட்டேன் என்றான். அப்புறம் சொன்னான். "எங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, நீங்க மன்னிச்சுக்கணும்னு சொன்னாங்க."

எனக்கா உடம்பு சரியில்லை? சர்க்கரை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் எதைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாதா? பெற்ற தாயை ஒரு லாரி ஜனத்துக்கு முன்னால் புத்தி கெட்டவள் ஆக்கிவிட்டாள். இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறவளுக்கு மெடல் கொடுக்கிறார்கள் பார்.

அப்புறம் என்ன. குழந்தையை ரோஷ்னி கையில் கொடுத்தாள், அந்த லாரியில் ஏறிப் போய்விட்டாள். முழங்கால் மடங்கவில்லை, நாலு பெண்கள் கை கோத்துப் படி மாதிரி கொடுத்துத்தான் ஏற்றினார்கள். வலி இருக்கிறது என்று நான் சொன்னது பொய்யா, பார். திரும்பிப் பார்க்கவே இல்லை. லாரியில் போகும்போது பாடினார்கள்.

நான் பஸ்ஸில் வருவது அதனால் இல்லை. அது முன்னாலேயே பேசினது. ரோஷ்னியின் அப்பா அம்மா சுவாவில் இருக்கிறார்கள், மெடலுக்காக வீட்டில் வைக்கிற விருந்துக்கு எங்களோடு வருகிறார்கள், காரில் இடம் பத்தாது. "பஸ்ல நல்லா காத்து வரும் அத்தை" என்று ரோஷ்னி இரண்டு சீட்டு எடுத்துக் கொடுத்தாள். சதாதான் வழியனுப்ப வந்தான். போகும்போது கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, மெடலை என் பையில் போட்டுவிட்டு, "நீங்களே வெச்சுக்கங்க அம்மா" என்றான். அம்மன் காலடிக்குப் போக வேண்டியது அம்மா கையில் இருக்கட்டும் என்று அவனுக்கு அவ்வளவு பக்தி.

பார்க்கிறாயா? இந்தா. அட, வாங்கு, கையில் எடுத்துப் பார், பரவாயில்லை. நீ குருக்கள் வீட்டுப் பெண். கனமாக இருக்கிறது இல்லையா. திருப்பிப் பார், விளிம்பில் பேர் வெட்டியிருக்கிறார்கள். இங்கிலீஷில்தான் இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது? அதுவா. அவள் பேர்தானா. சதா பேர் இருக்கும் என்று நினைத்தேன். சரி, விளிம்பை யார் பார்க்கிறார்கள்.

வரும்போதே யோசித்து வைத்துவிட்டேன், அம்மா. இது வீட்டில் இருந்தால் அக்காவுக்கும் தம்பிக்கும் மனஸ்தாபம். வெள்ளிக்கிழமை அம்மன் புடவையிலேயே குத்திவிடலாம். அம்மனுக்கே போய்விட்டால் யார் சண்டை போடுவது? உன் வீட்டுக்காரரிடம் சொல்லி நிறைய ஜனம் இருக்கும்போது மைக்கில் அர்ச்சனை செய்யச் சொல். சதாசிவன், சுவாதி நட்சத்திரம். ரேவதி என்று மாற்றிச் சொல்லிவிடாதே, அது அடுத்த வீட்டுப் பையனுக்கு, இவனுக்கு சுவாதி. பிறந்த நேரம் கூடச் சொல்வேன், மழை கொட்டுகிறது, கோழி கூவுகிறது, என் அம்மா சர்க்கரைத் தண்ணீர் தொட்டு நாக்கில் வைக்கிறாள்.

என்ன? மகள் பேரையும் சேர்த்துச் சொல்லட்டுமா என்கிறாயா? சொல்லட்டும். நான் வேண்டாம் என்பேனா, அவளும் என் வயிற்றில் பிறந்தவள்தானே.

நட்சத்திரமா?

அவளுக்கு... இரு. முதல் பிரசவம் அது. வெயில் காலம். இல்லை, வெயில் காலம் அடுத்துப் பிறந்தவனுக்கு, அவன் தங்கவில்லை. இவளுக்கு... எழுதி வைத்திருந்தோமா என்று கூடத் தெரியவில்லை. வீட்டில் எல்லாருடைய நட்சத்திரமும் அவளுக்குத்தான் மனப்பாடம். வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்கு நிற்பது அவள்தான். எனக்கு, சதாவுக்கு, ரோஷ்னிக்கு, குழந்தைக்கு, வரிசையாகச் சொல்வாள். தன்னுடையதை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

கூப்பிட்டே கேட்டுவிடுகிறேன், இரு.

எடுக்கவில்லை. மலையில் சிக்னல் இருக்காது. இன்னொரு தடவை போடட்டுமா? வேண்டாம், இன்னும் கோபமாக இருப்பாள்.

அவள் பேரை விட்டுவிடு, அம்மா. நட்சத்திரம் தெரியாமல் சொல்லி என்ன பலன். சதா பேருக்கு மட்டும் செய்யச் சொல். மெடலைக் கொடு, பையில் வைக்கிறேன்.